இருட்டைத் தொலைக்கும் கேமரா

அந்தமானின் தலைநகரில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை. தனிக் கொட்டடிக்குள் வெளிச்சம் வர, கம்பிக் கதவையும் உயரத்தில் உள்ள சிறு சாளரத்தையும் விட்டால் வழி கிடையாது. அங்கே ஆட்டோமேட்டிக் கேமராவை நீட்டிப் பாருங்கள். அதன் லைட் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். கரிய சுவர் வெளுத்துவிடும். கைதிகளை வதைத்த இருட்டு படத்தில் இராது. ஹேவ்லாக் தீவின் (2018 முதல் ஸ்வராஜ் தீப்) ராதாநகர் கடற்கரையிலோ நேர் எதிர்: வெள்ளை மணல் அழுக்காகும். இன்றைய செல்போன்கள் மணலை ஓரளவு அடையாளம் கண்டுகொள்கின்றன. இருட்டைக் கண்டால் மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டத் துடிக்கின்றன.

மேனுவல் கேமராவில் முடிவு உங்களுடையது. லென்ஸ் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம், ஃபோகஸ் எங்கே என மூன்றையும் நீங்களே திருகி வைக்க வேண்டும். ஒரு 'ஸ்டாப்' கூட்டினால் ஒளி இரட்டிப்பு, குறைத்தால் பாதி. மீட்டர் சொல்வதைவிட மணலுக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், கொட்டடிக்கு அதே அளவு குறையுங்கள். அதற்குள் பறவை பறந்துவிடும் என்பது உண்மைதான். பறவைக்கு ஆட்டோமேட்டிக்கே மேல். கொட்டடிச் சுவர் எங்கும் ஓடிவிடாது.