25 மீட்டருக்கு ஒரு கடல்குதிரை

ஜெர்மனியின் பொது நீச்சல்குளங்களில் சிறு பிள்ளைகள் பலரின் நீச்சலுடையில் கடல்குதிரைப் படம் போட்ட துணி வில்லை ஒன்று தைத்திருக்கும். ‘ஸேஃபெர்ட்ஷென்’ என்று பெயர். நீச்சலில் முதல் படியைத் தாண்டியதற்கான அடையாளம் அது.

அதை வாங்க, குளத்து விளிம்பிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்த வேண்டும். தோளளவுத் தண்ணீரில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்து வர வேண்டும். குளத்தில் நடந்துகொள்ளும் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். நேரக்கணக்கு கிடையாது. கைவீச்சும் கால் உதையும் செம்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தேர்வு விதியிலேயே இருக்கிறது. ஆனால் குப்புற நீந்தும்போது தண்ணீருக்குள் மூச்சுவிடுவது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்; அதில் சலுகை இல்லை.

எதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், எதை முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்ய வேண்டும் என்று பிரித்துச் சொன்னதில்தான் இந்தத் தேர்வின் அருமை இருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் பலர் பாதியில் விடுவதற்குக் காரணம், தாம் முன்னேறுகிறோமா என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போவது. நம் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகளின் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கி நீச்சல் பழக்கியவர்களுக்கு, படிப்படியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்பது புரிந்திருந்தது. பிள்ளையைத் தள்ளிவிட்டால் தானாக நீந்திவிடும் என்று நம்பியவர்களால் எத்தனையோ பேர் ஆயுளுக்கும் தண்ணீரைக் கண்டு பயந்தார்கள்.

ஜெர்மனிக்கும் நீச்சல் கற்பிப்பதில் இந்த அக்கறை ஒரு துயரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1912 ஜூலை 28 அன்று ரூகன் தீவின் பின்ஸ் ஊரில், கப்பலுக்காக மக்கள் காத்திருந்த மரப்பாலம் இடிந்து பலர் கடலில் விழுந்து இறந்தார்கள். அன்றைக்கு நூற்றில் இரண்டு மூன்று ஜெர்மானியருக்குத்தான் நீச்சல் தெரியும். மறு ஆண்டே லைப்ஸிக் நகரில் ஜெர்மன் உயிர்காப்புச் சங்கம் பிறந்தது.

அதே சங்கம் பெற்றோரை இன்று விடாமல் எச்சரிக்கிறது: கடல்குதிரை வாங்கிய குழந்தை இன்னும் பத்திரமாக நீந்தத் தெரிந்த குழந்தை அல்ல, அடுத்த படியான வெண்கலத்தைத் தாண்டினால்தான் அப்படிச் சொல்லலாம்.

அந்த வெண்கலத் தேர்வு 2020இல் மாறியது. முன்பெல்லாம் 200 மீட்டரை 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. இப்போது 15 நிமிடம் நீந்த வேண்டும், அதற்குள் 200 மீட்டராவது கடந்திருக்க வேண்டும். வேகத்தை விடத் தாக்குப்பிடிக்கும் திறனே தண்ணீரில் உயிர்காக்கும் என்பதால் இது மிகச் சரியான மாற்றம். வெள்ளிக்கு 20 நிமிடம், 400 மீட்டர். தங்கத்துக்கு 30 நிமிடம், 800 மீட்டர்.