விடியற்காலையில் மண்டிக் கணக்கு! மதியத்தில் பி.காம். வகுப்பு!

கோயம்பேட்டில் ஒரு வாலிபரின் ஓட்டம்

சென்னை,

மணி விடியற்காலை 3. ஊரே தூங்குகிறது. கோயம்பேடு மார்க்கெட் மட்டும் தூங்கவில்லை.

நாசிக் வெங்காயம், கோலார் தக்காளி, ஊட்டி கேரட் என்று லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே மூட்டை தூக்குகிறவர்கள் ஓடுகிறார்கள். ஒரு வெங்காய மண்டியின் வாசலில், டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து சிட்டை எழுதிக்கொண்டிருக்கிறார் ஒரு வாலிபர். மூட்டை, எடை, விலை, ரொக்கமா கடனா? தலை நிமிர நேரம் இல்லை.

அதே வாலிபரை மதியம் 1.30 மணிக்கு நகரில் உள்ள ஓர் அரசு கல்லூரியில் பார்க்கலாம். அங்கே அவர் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவர்! வயது 24. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களுக்கு 19.

"பேரைப் போட்டுடாதீங்க சார். ஊர்ல அம்மாவுக்கு நான் ராத்திரி கண் முழிக்கிறது தெரியாது. பகல் வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று கேட்டுக்கொண்டார்.

நின்றுபோன படிப்பு

சொந்த ஊர் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். 2019-ல் உள்ளூர் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தார். 3 செமஸ்டர் முடிந்தது. 2021-ல் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் படிப்பு நின்றது. அப்பாவும் பிழைக்கவில்லை. கடன் மட்டும் மிச்சம்.

செங்கல் சூளையில் கொஞ்ச நாள், பெட்ரோல் பங்க்கில் கொஞ்ச நாள். 2024 தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர், "கோயம்பேட்டுக்கு வந்துடு, கணக்கு எழுத ஆள் வேணும்" என்று கூப்பிட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கிய இடம் கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம்! 2023 டிசம்பர் 30-ந்தேதி அங்கே புது பஸ் நிலையம் திறந்தது அவருக்குத் தெரியாது. "மார்க்கெட் எந்தப் பக்கம்னு கேட்டேன். 'இன்னும் ரொம்ப தூரம் போகணும் தம்பி'ன்னு ஒருத்தர் சிரிச்சார்" என்கிறார்.

கொத்தவால்சாவடியில் இருந்த மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியது 1996-ல். இன்று 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். முதல் வாரம் தன் மண்டிக்கே வழி தெரியாமல் சுற்றினாராம். ஒரு நாள் 50 மூட்டையை 5 மூட்டை என்று எழுதிவிட்டார். முதலாளி திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி எழுத வைத்தார்.

டி.சி. கொடுக்க மறுப்பு

மதியத்துக்கு மேல் சும்மா இருக்கிறோமே, படித்தால் என்ன என்ற நினைப்பு வந்தது. பழைய கல்லூரிக்குப் போனார். மீதி செமஸ்டர்களுக்கும் பணம் கட்டினால்தான் டி.சி.யும் பிளஸ்-2 மார்க் ஷீட்டும் தருவோம் என்றார்களாம்.

மாணவர்களின் அசல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018 அக்டோபரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. இது பல பெற்றோருக்கு இன்றும் தெரியாது. இவருக்கும் தெரியாது. மண்டிக்கு வெங்காயம் வாங்க வரும் ஓட்டல்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை போனார். அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டது!

அடுத்த சிக்கல், பழைய கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கேயே திரும்பச் சேர அனுமதி வாங்கினால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். ஆனால் வேலை இருப்பது சென்னையில். இங்கே பாடத்திட்டம் வேறு. முதல் வருஷத்தில் இருந்து ஆரம்பிப்பதே மேல் என்று முடிவு செய்தார். எழுதிப் பாஸ் செய்த 3 செமஸ்டர் போனது போனதுதான்.

அஞ்சல் வழியில் படித்திருக்கலாமே? "புஸ்தகம் வீட்டுக்கு வந்துடும் சார். நான் தொறக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்தக் காலத்தில் மாலைக் கல்லூரி என்றால், ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாக்கள் படிக்கிற இடம். இப்போதைய இரண்டாவது ஷிப்ட் மதியமே ஆரம்பித்துவிடுகிறது. ஆபீஸ் வேலை பார்ப்பவர் அதில் எப்படிப் படிப்பார்? மண்டிக்காரருக்குத்தான் ஒத்துவருகிறது!

கரும்பலகையில் வெங்காயம்

முதல் வருஷம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவர், ஒரு நாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேராசிரியர் 'கன்சைன்மென்ட்' கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். மும்பை வியாபாரி சென்னை ஏஜெண்டுக்கு 100 பெட்டி சரக்கு அனுப்புகிறார். ஏஜெண்டு விற்று, செலவையும் கமிஷனையும் கழித்துக்கொண்டு கணக்கு அனுப்புகிறார்.

"அட, இது நாம தினம் போடுற பட்டியல்தானேன்னு தூக்கமே போயிடுச்சு சார்" என்கிறார்.

பேராசிரியர் அவரைக் கரும்பலகைக்கே அழைத்துவிட்டார். லாரி வாடகை, இறக்குகூலி, கமிஷன் என்று எழுதிக் காட்டினார். வழியில் கொஞ்சம் அழுகுவது வழக்கமான நஷ்டம், லாரி கவிழ்ந்தால் அது வேறு நஷ்டம், இரண்டையும் ஒரே மாதிரி எழுதக்கூடாது என்றார். கடன் வாங்கிய சில்லறை வியாபாரி ஓடிப்போனால் மண்டிக்காரர் தலையில்தான் விழும், அந்தப் பொறுப்புக்குத்தான் தனிக் கமிஷன் என்றதும் வகுப்பே கைதட்டியதாம். அன்று முதல் பையன்கள் "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் தூக்கம்தான் பாடாய்ப் படுத்துகிறது. இரவு 7.30-க்குப் படுத்தால் 1.45-க்கு அலாரம். காலை 10.30-க்குக் கணக்கு முடிந்து, மண்டியிலேயே சாக்கு விரித்து ஒரு மணி நேரம் கண் அயர்வார். லாரி தாமதமானால் அதுவும் கிடையாது.

சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. செமஸ்டருக்கு 90 நாள். பரீட்சை எழுத 75 சதவீதம் வருகை வேண்டும். அதாவது 68 நாள். 22 நாள் லீவு போடலாம். இதுவரை போனது 15!

முதலாளி வைத்த கெடு

இப்போது புதுச் சிக்கல். போன வாரம் முதலாளி கூப்பிட்டுப் பேசினார். "சாயங்காலம் கடைகளுக்குப் போய் பாக்கி வசூல் பண்ண நம்பிக்கையான ஆள் வேணும். நீ வர்றியா? மாசம் 6 ஆயிரம் கூடப் போட்டுத் தரேன்" என்றாராம்.

இப்போது சம்பளம் 18 ஆயிரம். ஊருக்கு 10 ஆயிரம் அனுப்புகிறார். தங்கை பிளஸ்-2 படிக்கிறாள். ஆஸ்பத்திரிக் கடன் இன்னும் பாதி நிற்கிறது. 6 ஆயிரம் சும்மா வந்த பணம் இல்லை. ஒப்புக்கொண்டால் கல்லூரி இல்லை.

முதலாளியும் கெட்டவர் இல்லை. "பரீட்சைக்கு லீவு கேட்டா என்னிக்காவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா? எனக்கும் ஆள் வேணுமே" என்று நம்மிடம் சொன்னார். தீபாவளி வரை டைம் கொடுத்திருக்கிறார்.

அம்மாவிடம் கேட்டாரா?

"கேட்டா, 'படிப்பை விடாதே'ன்னுதான் சொல்லும். கடனை வாங்கியாவது சமாளிக்கும். அதான் கேக்கல."

பேசிக்கொண்டிருக்கும்போதே நாசிக் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. மணி 10.40. மூட்டை இறக்கி முடிக்க 12 ஆகும். அன்று 1.30-க்குக் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். டைரியை எடுத்துப் பார்த்தார். மறுபடி பையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, எத்தனை மூட்டை?" என்று லாரியைப் பார்த்து நடந்தார்.