டேக் சூப்பர், ரீஆம்ப் பண்ணினால் சொதப்பல்: கிட்டார் டோன் எங்கே கெடுகிறது?

ராத்திரி ஒரு மணி. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்ப வேண்டாமே என்று கிட்டாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் சொருகி ரெக்கார்ட் செய்தீர்கள். அருமையான டேக். மறுநாள் அதையே ஆம்ப் வழியாக ஓடவிட்டால், போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி ஒரு சத்தம். 'நல்லாத்தானே வாசிச்சோம்?'

நேரடியாகப் பதிவான இந்த ஒலிதான் டி.ஐ. டிராக். அதைப் பிறகு ஆம்புக்கு அனுப்பி, ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்து மறுபடி பதிவு செய்வதுதான் ரீஆம்பிங். தவறு நடக்க இரண்டு இடங்கள் உண்டு. ரீஆம்ப் செய்யும்போது நடந்த தவறைச் சரிசெய்துவிடலாம். டி.ஐ. டிராக்கிலேயே தவறு என்றால் பெரும்பாலும் மறுபடி வாசிக்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு சோதனை

டி.ஐ. டிராக்கில் ஒரு ஆம்ப் சிமுலேட்டர் பிளக்-இன் போட்டுக் கேளுங்கள். அதிலும் மந்தமாக இருந்தால் சிக்கல் பெரும்பாலும் டிராக்கில். அதில் நன்றாக இருந்தால், சிக்கல் ஆம்புக்குப் போகும் வழியில்.

டிராக்கில் என்ன தவறு?

கிட்டாரை லைன் இன்புட்டில் சொருகியிருக்கலாம். கிட்டார் பிக்கப்புக்குச் சுமார் 1 மெகாஓம் இன்புட் வேண்டும். லைன் இன்புட்டில் இது பெரும்பாலும் சில பத்து கிலோஓம்தான். அந்தப் பளுவில் பிக்கப்பின் கூர்மை அமுங்கிவிடும். அடுத்த முறை 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' பட்டனை மறக்காதீர்கள்.

இன்னொன்று, கிளிப்பிங். பலமாக அடிக்கும்போதும் மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் என்ன தவறு?

இன்டர்ஃபேஸின் லைன் அவுட், கிட்டாரைவிட அதிக வோல்டேஜ் தரக்கூடியது. அதை நேராக ஆம்பில் கொடுத்தால் முன்பகுதி திணறி, ஒலி கரகரவென்று ஆகும். இந்த அளவைக் குறைத்து, ஆம்ப் எதிர்பார்க்கும் சிக்னலாக மாற்றுவதுதான் ரீஆம்ப் பாக்ஸின் வேலை. 1990-களில் அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஜான் குனிபெர்டி இதைத் தனிக் கருவியாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

பாக்ஸ் இருந்தாலும் அளவை ஒப்பிட வேண்டும். ஆம்பை கிளீன் டோனில் வையுங்கள். டிஸ்டார்ஷன் இருந்தால் அளவு வித்தியாசம் காதுக்குத் தெரியாது. கிட்டாரை நேராகச் சொருகி ஒரு ரிஃப் வாசியுங்கள். அதே ரிஃப்பை டி.ஐ.யாகப் பதிந்து, பாக்ஸ் வழியே அனுப்புங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் வரும்வரை அவுட்புட்டைத் திருகுங்கள்.

ஃபஸ் பெடல் மட்டும் விதிவிலக்கு. பழைய பாணி ஃபஸ், கிட்டார் பிக்கப்போடு நேரடியாக உறவாடுவது. ரீஆம்ப் செய்தால் அதே குணம் வராமல் போகலாம். ஃபஸ்ஸை வாசிக்கும்போதே பதிந்துவிடுவது உத்தமம்.

'ம்ம்ம்...' இரைச்சலா?

பிளேபேக்கை நிறுத்துங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கிரவுண்ட் லூப்பாக இருக்கலாம். பாக்ஸில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் அது டிராக்கிலேயே பதிந்தது. எக்காரணம் கொண்டும் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

சேர்த்துக் கேட்டால் மெலிகிறதா?

டி.ஐ. டிராக்கையும் மைக் டிராக்கையும் ஒன்றாக ஓடவிட்டு ஒலி மெலிந்தால், மைக் டிராக் சில மில்லி விநாடி பின்தங்கியிருக்கும். திரையில் பெரிதாக்கி, இரண்டு அலைகளையும் நகர்த்திப் பொருத்துங்கள். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனால் போலாரிட்டி பட்டனைத் தட்டுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் மந்தமா? ஈகியூவைத் தொடும் முன் மைக்கைத் தொடுங்கள். ஸ்பீக்கரின் நடுவில் ஒலி கூர்மை. ஓரத்துக்குப் போகப் போக மந்தம். இரண்டு விரல்கடை நகர்த்தினாலே டோன் மாறிவிடும்.