முன்னவரின் நிழலில் ஒரு பயிற்சியாளர்

தஞ்சை முதல் நாகை வரையுள்ள டெல்டாக் கல்லூரிகளில் கூடைப்பந்து அணியை உருவாக்கும் பொறுப்பு, எல்லா ஆட்டங்களையும் ஒருங்கே கவனிக்கும் உடற்கல்வி இயக்குநரையே பெரும்பாலும் சேர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் இப்பணிக்கு முதுகலைப் பட்டத்தோடு உடற்தகுதித் தேர்வையும் கேட்கின்றன. 30 வயது வரையுள்ள ஆண், 12 நிமிடங்களில் 1800 மீட்டரை ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். இது தேவையான தேர்வுதான் என்றாலும், ஓர் அணியை ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுக்கும் திறனை அந்த ஓட்டம் அளந்துவிடாது. கூடைப்பந்துக்கென்றே ஒருவரை அமர்த்துவதுதான் மாணவர்களுக்குச் செய்யும் நியாயம்.

அமெரிக்காவில் தலைமைப் பயிற்சியாளர் என்பவர் அவ்வாறு ஒரே ஆட்டத்துக்கென்று அமர்த்தப்பட்டு, வீரர்களைத் தேடிச் சேர்ப்பதையும் வியூகம் வகுப்பதையும் தாமே ஏற்பவர். கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1975 வரை அப்பொறுப்பிலிருந்த ஜான் வுடன், கடைசி 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்களை வென்றார். காலில் கொப்புளம் எழாதிருக்கக் காலுறையைச் சுருக்கமின்றி இழுத்துவிடுவதிலிருந்தே அவருடைய முதல் பாடம் தொடங்கும். அவருடைய இடத்துக்கு வந்த ஜீன் பார்ட்டோ, இரண்டு பருவங்களில் 61 ஆட்டங்களில் 52ஐ வென்றும், ஒப்பீட்டுப் பேச்சு ஓயாத நிலையில் 1977இல் விலகி, அலபாமாவின் பர்மிங்ஹாமில் கூடைப்பந்து அணியே இல்லாதிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் புதிய அணியைக் கட்டச் சென்றார்.