பள்ளி வாத்தியக் குழுவில் முதல் மூன்று மாதம்: புதிதாகச் சேர்வோருக்கும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவோருக்கும்

'புறப்பாட நடவடிக்கைகளின் நன்மைகள்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பாதித் தாள்களிலாவது "பள்ளி வாத்தியக் குழுவில் சேர்வதால் மாணவர்களிடையே கட்டொழுங்கு வளர்கிறது" என்ற வரி வந்துவிடும். அடுத்த வரி ஒற்றுமை. அதற்கடுத்தது தன்னம்பிக்கை. எப்படி வளர்கிறது, அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று தேடினால் ஒன்றும் இருக்காது.

இதே பள்ளியில், படிவம் ஒன்றில் ஆசையாகப் பேண்டில் பெயர் கொடுத்த பிள்ளை மூன்றாவது வாரம் வந்து நிற்கும். "டீச்சர், நான் நின்னுக்கலாமா? அங்க பாட்டே இல்ல டீச்சர். சும்மா நிக்க வைக்கிறாங்க."

இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான். உள்ளே என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தமிழாசிரியராகவும் வாத்தியக் குழுவின் துணைப் பொறுப்பாசிரியராகவும் இருப்பதால், இரண்டு கூட்டத்திற்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம்

நம் இடைநிலைப்பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு மலாயில் 'பஞ்சராகம்' என்று பெயர். பஞ்ச, ராகம் இரண்டும் நம் காதுக்குப் பழகிய சொற்கள்தாமே! ஆனால் உள்ளே போனால் மூன்று மொழியில் வாழ வேண்டியிருக்கும். கட்டளைகள் மலாயில். சுரப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில். வீட்டிற்குப் போய் அம்மாவிடம் "இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்பதற்குப் பதில் சொல்வது தமிழில். தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராக வந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் திணறலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலருக்குக் கால் தடுமாறுவதற்கு முன்னால் காதுதான் தடுமாறுகிறது.

'செடியா' என்றால் நேராக நில். (முதல் நாள் "என்ன செடி?" என்று சிரிக்காத தமிழ்ப் பிள்ளை குறைவு.) 'செனாங் டிரி' என்றால் கால்களை அகற்றி இயல்பாக நில். 'ஹெந்தாக் காக்கி' என்றால் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் அடி. 'செப்பாட் ஜாலான்' என்றால் விரைந்து நட. இந்த நான்கும் தெரிந்தால் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம்.

ஏன் முதலில் கருவி கொடுப்பதில்லை?

நேர்வரிசையில் நடப்பது எளிதல்ல. முதல் அடி எப்போதும் இடது காலில்தான். சாதாரணமாகத் தெருவில் அழகாக நடக்கும் பிள்ளை, 'செப்பாட் ஜாலான்' என்றதும் இடது காலோடு இடது கையையும் சேர்த்து வீசும். சிரிக்காதீர்கள். யோசித்து நடக்கத் தொடங்கினால் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். யோசிக்காமல் நடக்கும் நிலை திரும்பி வரும்வரைதான் பயிற்சி.

அணிவகுப்பின் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடி. வினாடிக்கு இரண்டு. திடலில் கோலம்போல உருவங்கள் அமைக்கும் காட்சி அணிவகுப்பில், ஐந்து கெஜத்தை எட்டு அடிகளில் கடக்கும் முறையை உலகெங்கும் பல குழுக்கள் பின்பற்றுகின்றன. கணக்குப் போட்டால் ஓர் அடி சுமார் 57 செண்டிமீட்டர். நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் அதே 57தான். நெட்டையன் காலைச் சுருக்க வேண்டும், குட்டையன் நீட்ட வேண்டும். வரிசை நேராக இருப்பதன் இரகசியம் அவ்வளவுதான்.

பாதம் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை மெல்ல உருட்டி விரலில் முடிக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் உதட்டில் ஓர் உலோகக் கருவி இருக்கப் போகிறது. தொப்பு தொப்பென்று நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் அது பல்லில் இடிக்கும், ஒலியும் நடுங்கும். கருவி இல்லாமல் நடக்கப் பழகாதவரிடம் கருவியைக் கொடுத்தால் உதடுதான் வீங்கும்.

இன்னொன்று, இது உடல்நலம். நெடுநேரம் அசையாமல் நிற்கும்போது முட்டியைப் பின்னுக்கு இறுக்கிக்கொள்ளாதீர்கள். இரத்தம் காலில் தேங்கி, மயக்கம் வரும். முட்டியைச் சற்றே தளர்வாக வைத்திருங்கள். பசியாறாமல் திடலுக்கு வராதீர்கள். சபை கூடலில் மயங்கி விழும் பிள்ளைகள் பலரும் காலையில் ஒன்றும் சாப்பிடாதவர்கள்தாம். நீர்ப்புட்டி இல்லாமல் பிற்பகல் பயிற்சிக்கு வருவதும் வேண்டாம்.

முதல் ஒலி

கருவி கைக்கு வரும் நாளும் சிலருக்கு ஏமாற்றமே. டிரம்பெட் கேட்டவருக்குப் பாரிடோன் கிடைக்கும், டிரம் கேட்டவருக்குக் கிளாரினெட். பயிற்றுநர் பொதுவாக உதட்டின் அமைப்பு, பல் வரிசை, கை நீளம், குழுவில் எந்த இடம் காலி என்று பார்த்துத்தான் கொடுப்பார். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பித்தளைக் கருவிகளின் ஊதுவாய் உதட்டைக் கம்பியில் அழுத்தும். இழுப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேரலாம்.

டிரம்பெட்டில் காற்றை மட்டும் ஊதினால் 'புஸ்'ஸென்று காற்றே வரும். உதடுகளை மூடி, இடையே காற்றைச் செலுத்தி, உதட்டையே அதிர வைக்க வேண்டும். தேனீ பறப்பதுபோல் ஒலி வரும். அந்த அதிர்வைத்தான் குழாய் பெரிதாக்கித் தருகிறது. அதனால்தான் முதல் வாரம் ஊதுவாயை மட்டும் கொடுத்து "வீட்ல பழகிட்டு வா" என்பார்கள். வீட்டிலுள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. டிரம்பெட்டில் இருப்பது மூன்று பொத்தான்கள்தாம். ஒன்றையும் அழுத்தாமல், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மட்டுமே பல சுரங்களை எழுப்பலாம்.

புல்லாங்குழல் பிரிவுக்கு இது வேறு. காலிப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதினால் ஒலி வருமே, அதே முறை. முதல் நாள் தலை சுற்றும். காற்றை வீணாக்குவதால் வருவது அது, சில நாளில் சரியாகிவிடும். கிளாரினெட்காரர்கள் நாணல் தகட்டை நனைத்துவிட்டுத்தான் ஊத வேண்டும். விரல் நுனி ஒரு துளையை முழுதாக மூடாவிட்டாலும் கீச்சென்று கத்தும். முதல் இரண்டு மாதம் எல்லாரும் கத்துவார்கள்.

ஊதுவாயை யாரோடும் பகிராதீர்கள், அடிக்கடி கழுவுங்கள். பித்தளைக் கருவியிலிருந்து திறந்துவிடும் நீரைப் பார்த்து 'எச்சில்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். அதில் பெரும்பகுதி நம் மூச்சின் ஈரப்பதம் குளிர்ந்து நீரானது.

என் 'சி' வேறு, உன் 'சி' வேறு

புதியவரைக் குழப்பும் பெரிய விஷயம் இதுதான். டிரம்பெட் தாளில் 'சி' என்று எழுதியிருப்பதை ஊதினால் கேட்பது பி ஃபிளாட். அதே ஒலி வேண்டுமென்றால் புல்லாங்குழல்காரரின் தாளில் பி ஃபிளாட் என்றே எழுதியிருக்கும். "அப்ப யார் சொல்றது சரி டீச்சர்?" என்று கேட்பார்கள்.

கோயிலிலோ வகுப்பிலோ கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்ற பிள்ளைக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஒரு கட்டையில் பாடுபவருக்கும் ஐந்து கட்டையில் பாடுபவருக்கும் 'ச' என்ற பெயர் ஒன்றே, சுருதி வேறு. டிரம்பெட்டின் 'சி'யை அதன் 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நம் கணக்கில் ஆறரைக் கட்டை. பெரும்பாலான குழுக்கள் முதலில் பயிலும் ஏறுவரிசை பி ஃபிளாட்டில் தொடங்குவதும் இதனால்தான். பித்தளைக் கருவிகள் பலவற்றுக்கு அது இயல்பான இடம்.

குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்துவிட்டுத் திடலுக்குப் போனால் சுருதி மாறியிருக்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி ஏறும். நம் வெயிலில் இது தினமும் நடக்கும். குழாயைச் சற்று வெளியே இழுத்து நீளமாக்கிச் சரிசெய்வார்கள்.

காதை மட்டும் நம்பினால் பிந்திவிடுவீர்கள்

நடக்கவும் ஊதவும் தனித்தனியாகத் தெரிந்த பிறகு இரண்டையும் சேர்ப்பார்கள். இங்கேதான் உண்மையான வேலை. இதில் ஓர் இயற்பியல் இருக்கிறது, கட்டுரை எழுதுவோர் கவனியுங்கள்.

வெப்பமான நாளில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். உங்களுக்கும் டிரம்முக்கும் இடையே 35 மீட்டர் இருந்தால் அடி உங்கள் காதை எட்ட 0.1 வினாடி ஆகும். நிமிடத்திற்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 0.5 வினாடி. ஆக, காதில் கேட்டபின் நீங்கள் ஊதினால் ஐந்தில் ஒரு பங்கு அடி ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். உங்கள் ஒலி மேடையை எட்ட இன்னும் நேரமாகும். கேட்பவருக்குக் குழு இரண்டாகப் பிளந்ததுபோல் இருக்கும். அதனால்தான் "அணித்தலைவரின் கையைப் பார்!" என்று பயிற்றுநர் தொண்டை கிழியக் கத்துகிறார். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. கண்ணால் பார்த்து எல்லாரும் ஒரே கணத்தில் கால் வைக்க வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டே கையைப் பார்க்க முடியாது என்பதால் பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் உறுமி மேளம் வாசிக்கும் நம் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசத்தில் மணிக்கணக்கில் அடித்துப் பழகிய கை அது. டிரம் பிரிவில் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் மேளத்தில் உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும், அது அதன் அழகு. அணிவகுப்பில் முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்டதை அப்படியே அடிப்பவர், தாளைப் படித்து 'வலது, இடது, வலது, வலது' என்று அடிக்கப் பழக வேண்டும். "உனக்குத் தாளம் தெரியாது" என்று இவர்களிடம் சொல்வது அநியாயம். தெரிந்த தாளத்தோடு இன்னொரு பழக்கம் வேண்டும் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். டிரம் பிரிவினர் காதடைப்பான் போடுவதும் நல்லது.

"படிப்பு கெட்டுடும்" என்ற பேச்சு

பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. வாரம் இரண்டு பிற்பகல், போட்டி நெருங்கினால் சனிக்கிழமையும் போகும். அதை மறைத்துப் பேசாதீர்கள். பயிற்சி அட்டவணையை முதல் வாரமே பெற்றோரின் புலனத்திற்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். பல பள்ளிகளில் வாத்தியக் குழு சீருடை இயக்கங்களில் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. எஸ்.பி.எம். முடித்து அரசு உயர்கல்விக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கையில் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஆனாலும் அந்தப் பத்துக்காக மட்டும் சேர்ந்த பிள்ளை வெயிலில் நிலைப்பது கடினம் என்பது என் எண்ணம்.

மூன்று மாதத்திற்கு முன் விலக வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குள் பெரும்பாலோருக்கு ஓர் எளிய பாட்டு வந்துவிடும். சபை கூடலில் 'நெகாராகூ' ஒலிக்கும்போது அதில் தன் சுரமும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு விலகுவதா வேண்டாமா என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.

கட்டுரைத் தாளில்

"கட்டொழுங்கு வளர்கிறது" என்ற வரியை அடிக்கச் சொல்லவில்லை. அதன் பின்னால் இப்படி ஒன்றைச் சேருங்கள்: 'நிமிடத்திற்கு 120 அடி வீதம் நாற்பது பேரும் ஒரே கணத்தில் இடது காலை எடுத்து வைக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் வரிசை வளைந்துவிடும். அந்த ஒருவர் நானாக இருக்கக்கூடாது என்ற எண்ணம் தினமும் என்னை நேரத்தோடு திடலுக்கு வரவைத்தது.' ஒற்றுமைக்கு நெட்டையனின் சுருங்கிய அடியும் குட்டையனின் நீண்ட அடியும் இருக்கின்றன. தன்னம்பிக்கைக்கு ஊதுவாயில் வந்த முதல் தேனீ ஒலி இருக்கிறது.

சொற்களைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஊதுகருவி, தாளக்கருவி, அணிநடை, அணிவகுப்பு, அணித்தலைவர், பயிற்றுநர் ஆகியவை நல்ல தமிழில் இருக்கின்றன. டிரம்பெட், கிளாரினெட் என்ற கருவிப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். வலிந்து உருவாக்கிய பெயரைப் போட்டு வாசிப்பவரை நிறுத்தாதீர்கள். உரையாடலாக வரும் இடத்தில் மட்டும் பேச்சுத்தமிழ் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்பாடு. வகுப்பை ஒருநாள் திடலுக்கு அழைத்துப் போங்கள். வாத்தியக் குழு மாணவர் ஒருவர் ஒரு முனையில் டிரம் அடிக்கட்டும். ஐந்து பேர் அவர் அருகிலும் ஐந்து பேர் மறுமுனையிலும் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கேற்பக் கை தட்டட்டும். மற்றவர்கள் டிரம் பக்கம் நின்று கேட்கட்டும். பிறகு பத்துப் பேரும் கண்ணைத் திறந்து அவர் கோலைப் பார்த்துத் தட்டட்டும். கட்டுரைத் தலைப்பை அதற்குப் பிறகு கொடுங்கள்.