நீர் நிற்கும் மண், நீர் இறங்கும் மண்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டதை உப்புக் குவியல்களே சொல்லிவிடும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோர ஊர், தமிழகத்து உப்பு என்றால் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக நினைவுக்கு வருவது. பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் அந்த வெள்ளைத் தரையில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் காட்சி மாறுகிறது. மணல்மேடு, சவுக்குத்தோப்பு, தோப்போரம் மேயும் ஆடுகள். இரண்டு இடத்திலும் பெய்வது ஒரே மழை, அடிப்பது ஒரே வெயில், வீசுவது ஒரே கடல்காற்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விடை மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு நிலம் எதற்கு உதவும் என்பதை அறிய மூன்று கேள்விகள் கேட்டால் பெரும்பகுதி தெரிந்துவிடும். மண் எவ்வளவு ஆழம்? அதில் தண்ணீர் எப்படி வடிகிறது? சுண்ணாம்பு எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது? ஆழமும் நல்ல வடிகாலும் சுண்ணாம்பும் சேர்ந்த மண்ணில்தான் உலகின் பெரிய மேய்ச்சல் நிலங்கள் பலவும் அமைந்திருக்கின்றன. சுண்ணாம்பு படிந்த வறண்ட நிலத்து மண்ணைக் ‘கால்சிசால்’ என்று மண்ணியலில் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். உலகில் அதன் பரப்பு சுமார் 100 கோடி ஹெக்டேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மரக்காணத்து உப்பளத் தரை இதற்கு நேர் எதிர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மண்ணைப் பற்றிய அடிப்படைப் பாடம் முழுவதும் விளங்கும்.

ஆழம்: வேர் எதுவரை போகலாம்?

மண்ணின் ஆழம் என்பது பாறை எங்கே தட்டுப்படுகிறது என்பது மட்டும் அல்ல. வேர் தடையில்லாமல் இறங்கக்கூடிய தூரமே ஆழம். பாறை தடுக்கலாம், சுண்ணாம்பு இறுகி உண்டான சுக்கான் படுகை தடுக்கலாம், நிரந்தரமாகத் தேங்கி நிற்கும் நீர்மட்டமும் தடுக்கலாம். மண் ஆய்வாளர்கள் பொதுவாக ஒரு மீட்டரைத் தாண்டினால் ஆழமான மண் என்றும், ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் மிக ஆழமான மண் என்றும் வகைப்படுத்துவார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உப்பளத்தில் களிமண் எத்தனை அடி கீழே போனாலும் அது செடிக்கு ஆழமற்ற மண்தான். கொஞ்சம் தோண்டினாலே உப்புநீர் ஊறும் இடத்தில் வேருக்குப் போக வழி இல்லை. மணல்மேட்டில் நிலைமை வேறு. சவுக்கின் வேர் காற்றும் ஈரமும் சேர்ந்திருக்கும் மணலுக்குள் மீட்டர் கணக்கில் இறங்கும். மேலே மணல் காய்ந்து சுட்டாலும் கீழே மழை விட்டுப்போன ஈரம் அதற்குக் கிடைக்கும்.

வடிகால்: தண்ணீர் தங்குகிறதா, கடக்கிறதா?

‘நன்கு வடியும் மண்’ என்றால் தண்ணீரைச் சல்லடைபோல் விட்டுவிடும் மண் என்று பொருள் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் சுணங்காமல் உள்ளே இறங்க வேண்டும். ஆனால் வேருக்குத் தேவையான ஈரத்தைப் பிடித்துவைத்த பிறகே மிச்சம் கீழே போக வேண்டும். கடற்கரை மணல் இதில் ஓரளவுக்கு அவசரக்காரன். அளவுக்கு மீறி வடிப்பான். கொஞ்சம் வண்டலும் மட்கும் சேர்ந்த மணற்பாங்கான மண்தான் நடுநிலை.

மண்ணின் நிறமே வடிகாலைச் சொல்லிவிடும். காற்றோட்டம் உள்ள மண்ணில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்து நகர்ந்துவிடும். மண் சாம்பல் நிறமாகி, இடையிடையே துருப்பிடித்த திட்டுகள் தெரியும். உப்பளக் கரையில் ஒரு குழி வெட்டினால் மேலே பழுப்பு, கீழே போகப்போகக் கருஞ்சாம்பல் என்று நிறம் மாறும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுவதால் வரும் வாடை அது.

மணல்மேட்டின் வடிகாலுக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. மேட்டில் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதே காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் எளிய கணக்கு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடிக்கத்தக்க ஊற்று கிடைப்பது இதனால்தான். கணக்கைத் திருப்பிப் போட்டால் எச்சரிக்கையும் கிடைக்கும். மணல்மேட்டைச் சமன்செய்தோ மிதமிஞ்சி இறைத்தோ மேலே உள்ள நன்னீரை ஒரு மீட்டர் குறைத்தால், கீழே உப்புநீர் 40 மீட்டர் மேலேறி வரும்.

உப்பளம்: வடியாமல் இருப்பதே தேவை

செடிக்குக் கேடான எல்லாமே உப்புக்கு நல்லது. உப்பளத்துக்குத் தேவை தட்டையான தாழ்நிலம், நீரை உள்ளே விடாத களிமண், மழையில்லாத நீண்ட வெயில். கழுவேலி ஏரியும் அதைக் கடலோடு சேர்க்கும் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் சந்திக்கும் இந்தப் பகுதியில் முதல் இரண்டும் இயற்கையாகவே அமைந்தவை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை மாசி தொடங்கி அடுத்த மழைவரை மூன்றாவதும் கிடைக்கிறது.

ஆனாலும் களிமண் மட்டும் போதாது. பருவத் தொடக்கத்தில் தொழிலாளர்கள் ஈரப் பாத்தியில் இறங்கிக் காலால் மிதித்துத் தரை கட்டுவார்கள். ஒரு கால்தடத்தை ஒட்டி அடுத்த கால்தடம் விழும்படி, பாத்தி முழுக்க அடிமேல் அடி வைத்து மிதிக்க வேண்டும். குதிகால் அழுத்தத்தில் மண்ணின் நுண்துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். இந்த உழைப்பு சரியாக அமையாவிட்டால் உப்புநீர் கசிந்துபோகும். அள்ளும் உப்பிலும் சேறு கலக்கும். மண்ணின் வடிகாலைத் திட்டமிட்டு ஒழிக்கும் தேர்ந்த கைவினை இது. கடும் வெயிலில் வெறுங்காலோடு இதைச் செய்பவர்களின் அறிவை எந்த மண்ணியல் பாடத்துக்கும் குறைவாக மதிக்கக் கூடாது.

தரை கட்டிய பிறகு நடப்பதில் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் மானியில் அது 3 முதல் 3.5 டிகிரி காட்டும். வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் பிரிவது சமையல் உப்பு அல்ல, சுண்ணாம்பு. அடுத்தது ஜிப்சம். மானி 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கிறது. ஆகவே உப்புநீரை அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே போவது சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் முன்பாத்திகளிலேயே விட்டுவிட்டு வருவதற்கும்தான்.

சுண்ணாம்பு: ஒரே பொருள், பல குணம்

மண்ணில் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? மரக்காணம் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கிளிஞ்சல் துண்டுகள் சுண்ணாம்புதான். தெற்கே வானூர், புதுச்சேரி வட்டாரத்தில் தரைக்கடியில் கிரெட்டேசியக் காலத்துக் கடற்படிவங்கள் உண்டு. அங்கே சுண்ணாம்புப் பாறையே கிடைக்கிறது. மூன்றாவது வழி மழை. மழைநீர் மண்ணின் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கும். நீர் காயும் இடத்தில் அது மீண்டும் உறைந்து வெண்கட்டியாகும். நாம் சுக்கான் என்று சொல்வது அதைத்தான். மழை குறைந்த பகுதியில் சுக்கான் மேலேயே நின்றுவிடும். மழை கூடக் கூட ஆழத்துக்குப் போகும். குழி வெட்டும்போது முதல் சுக்கான் எந்த ஆழத்தில் தென்படுகிறது என்று பார்த்தால், அந்த நிலத்தில் மழை பொதுவாக எதுவரை நனைக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

சுண்ணாம்பின் கால்சியம் மண்ணைத் திறந்து வைக்கிறது. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரட்டை நேர்மின்னேற்றம் உள்ள கால்சியம் அவற்றை நெருக்கிச் சேர்த்துப் பொலபொலப்பான கட்டிகளாக்கும். இடையில் காற்றும் நீரும் போக வழி கிடைக்கும். சோடியம் இதைச் செய்வதில்லை. மழை வந்து உப்பைக் கழுவிய பிறகு சோடியம் மிஞ்சிய களிமண் பிரிந்து கூழாகி, துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடாக இறுகும். களர் நிலத்தின் துயரம் இதுதான். அதைச் சீர்செய்ய ஜிப்சம் இடச் சொல்வது அதன் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும் என்பதால். வெளியேறிய சோடியம் வடிந்துபோக வழி இல்லை என்றால் ஜிப்சம் இட்டும் பயன் இல்லை.

சுண்ணாம்பு மிகுந்தால் வேறு தொல்லை. மண்ணின் கார அமில நிலை 8-ஐ ஒட்டி நின்றுவிடும். இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து ஆகியவை மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை என்று அறியலாம். அன்னபேதிக் கரைசலை இலையில் தெளிப்பது வழக்கமான மருந்து.

இந்த வட்டாரத்தின் பயிரான நிலக்கடலையே நல்ல எடுத்துக்காட்டு. மேற்கே திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் ‘டி.எம்.வி.’ கடலை ரகங்கள் தாங்கி நிற்கின்றன. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் கால்சியத்தை நேரடியாக மண்ணிலிருந்து உறிஞ்சுகின்றன. அது போதாவிட்டால் காய் பொக்காகும். அதனால் விதைத்த 40-45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது பரிந்துரை. சுண்ணாம்பைவிட ஜிப்சம் நீரில் பல மடங்கு எளிதாகக் கரையும். உப்புப் பாத்தியில் உப்புக்கு முன்பு பிரிகிற அதே ஜிப்சம், கடலைக் கொல்லையில் காயை நிரப்புகிறது.

மேய்ச்சலுக்கு ஏன் இந்த மண்?

ஆழமும் வடிகாலும் சுண்ணாம்பும் சேர்ந்த மேய்ச்சல் நிலத்தைத் தமிழகத்தில் பார்க்க வேண்டுமானால் காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காட்டுக்குப் போக வேண்டும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். பல இடங்களில் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான். மழை குறைந்த இந்தப் பகுதியில் புல்லின் வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் பிடித்து, கோடையில் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் தழைக்கும். காங்கேயம் மாட்டின் உறுதியான எலும்புக்கு இந்தச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த புல்லே காரணம் என்பது மாடு வளர்ப்போரின் நம்பிக்கை. அவர்கள் நிலத்தைத் தடுப்புகளாகப் பிரித்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். உப்புப் பாத்தியில் மனிதக் கால் செய்யும் வேலையை மேய்ச்சல் நிலத்தில் கால்நடையின் குளம்பு செய்யும். ஆறப்போடாவிட்டால் மண் இறுகி மழை உள்ளே இறங்காது.

மரக்காணத்தில் மணல்மேட்டின் அடம்பும் சவுக்கடிப் புல்லும், கோடையில் வற்றும் கழுவேலி ஏரியின் விளிம்பும்தான் மேய்ச்சல் இடங்கள்.

வடியும் மண்ணின் அருமை மேய்ச்சலில் மட்டும் அல்ல, பெருமழையிலும் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய மழையை உள்வாங்கிக்கொள்ள வடியும் மண் வேண்டும். தாழ்ந்த களிமண்ணால் அது முடியாது.

உங்கள் நிலத்தை நீங்களே பாருங்கள்

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைத் தருகிறது. ஆழமும் வடிகாலும் சுண்ணாம்பு அளவும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. மண் மாதிரியும் மேலே 15-20 சென்டிமீட்டரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே மிச்சத்தை நாமே பார்க்க வேண்டும்.

1. ஒரு மீட்டர் ஆழம் குழி வெட்டுங்கள். பாறை, சுக்கான் படுகை, ஊறும் நீர், நிறமாற்றம் ஆகியவை எந்த ஆழத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. வேறொரு இடத்தில் ஓர் அடிக் குழி எடுத்து நீர் ஊற்றி முழுதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டரை முதல் ஏழு சென்டிமீட்டர் வரை என்றால் நல்ல வடிகால். அதற்கும் குறைவென்றால் வடிகால் வெட்ட வேண்டும். மிக அதிகமென்றால் தொழுவுரமும் மட்கும் சேர்க்க வேண்டும்.

3. மேல்மண், அடிமண் இரண்டிலும் தனித்தனியே சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. ஆய்வகத்தில் இதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அளவு தெரிய வேண்டுமானால் அங்கே கேட்டுப் பெறுங்கள்.

மேய்க்கால் புறம்போக்கையும் மணல்மேட்டையும் வெறும் தரிசு என்று எழுதிவிடுவது எளிது. மேலே விளைச்சல் தெரியாவிட்டாலும் அந்த மண் மழையை இறக்கி, ஊற்றைக் காத்து, ஆடுமாடுக்குப் புல் தருகிறது. உப்பளத் தரையில் வீடு கட்டினால் தண்ணீர் நிற்கும். மணல்மேட்டை வெட்டினால் கிணறு உவர்க்கும். இரண்டு மண்ணுக்கும் தனித்தனி வேலை உண்டு. ஒரு நிலத்தை மாற்றுவதற்கு முன் ஊராட்சியும் உரிமையாளரும் அதில் ஒரு மீட்டர் குழி வெட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஓர் ஆளின் அரைநாள் கூலிதான்.