கால்வாய்க் கொசு வேற, டிரம் கொசு வேற!



ஐப்பசி மழை இறங்கியதும் நம் குழுக் கூட்டங்களில் ஆள் குறையும். "எனக்குக் காய்ச்சல்" என்பார் ஒருவர். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பார் இன்னொருவர். சேமிப்பு தள்ளிப் போகும், கடன் தவணை நிற்கும். மீன் கூடை தூக்குற அக்கா ஒரு வாரம் படுத்தால், அந்த வார வருமானம் போனது போனதுதான்.

எண்ணூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில், "டெங்கு கொசு எங்கேயிருந்து வருது?" என்று கேட்டோம். எல்லோரும் ஒரே குரலாக, "இதோ, இந்தக் கால்வாய்லேர்ந்துதான்" என்று பக்கிங்ஹாம் கால்வாயைக் காட்டினார்கள். கூட்டம் நடந்த வீட்டு வாசலில் நீல டிரம் ஒன்று இருந்தது. மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அந்த வீட்டு அக்கா, "இது குடிக்கிற தண்ணி ஆச்சே! நல்ல தண்ணியிலயா?" என்று திகைத்துப் போனார். ஆமாம் சகோதரிகளே, நல்ல தண்ணீரில்தான்.

கொசு எங்கே பிறக்குது?

சாக்கடையிலும் கால்வாயிலும் பிறப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது ராத்திரியில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது ஏடிஸ் கொசு. உடம்பிலும் காலிலும் வெள்ளைப் பட்டை இருக்கும். பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம்.

நம்ம பகுதியில் பல தெருக்களில் தண்ணீர் லாரியிலும், நேரம் வைத்துக் குழாயிலும்தான் வருது. போர் தண்ணி உப்பு. அதனால் டிரம், குடம், சின்டெக்ஸ் தொட்டி என்று பிடித்து வைக்கிறோம். அது நம் குற்றம் இல்லை. ஆனால் மூடாமல் வைத்த டிரம்தான் இந்தக் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! காசிமேட்டில் படகு ஓரத்தில் கட்டும் பழைய டயர், உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, இதெல்லாம் கூட அப்படித்தான்.

இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் முட்டை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்து பல மாதம் கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவச் சொல்கிறோம்.

எப்படிப் பரவுது?

காய்ச்சல்காரரைக் கடித்த கொசுவின் உடம்பில் வைரஸ் 8 முதல் 12 நாள் வரை வளரும். அதன் பிறகு அது உயிரோடு இருக்கும் வரை கடிக்கிறவர்களுக்கெல்லாம் வைரஸைக் கொடுக்கும். ஆகவே காய்ச்சல் வந்தவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். இது அவருக்காக மட்டும் இல்லை, வீட்டில் மற்றவர்களுக்காகவும்தான்.

மூட்டை முடக்கும் சிக்குன்குனியா

இந்த நோயை 1952-ல் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் முதலில் கண்டுபிடித்தார்கள். வலியில் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் அந்த ஊர்ச் சொல்தான் இதன் பெயர். நம்ம சென்னையில் 1964-லேயே பரவியது. இடையில் பல ஆண்டு காணாமல் இருந்து, 2006-ல் திரும்பி வந்தது. அந்த ஒரே ஆண்டில் இந்தியா முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டது. இதில் உயிர்ச் சேதம் குறைவு. ஆனால் சிலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். குடம் தூக்க முடியாது, மீன் அரிய முடியாது.

டெங்கு: காய்ச்சல் விட்ட நாளில் கவனம்

2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அரசுக் கணக்கின்படி 65 பேர் இறந்தார்கள்.

நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. "பையன் தேறிட்டான்" என்று அம்மா வேலைக்குப் போய்விட்டார். மதியம் பையனுக்கு வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழுத் தோழி எட்டிப் பார்த்தவர், ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். பிள்ளை பிழைத்தான். "கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

டெங்குவில் ஆபத்தான நேரம் 3-ம் நாளுக்கும் 7-ம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும்போதுதான். அப்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழும். கீழே உள்ளதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

* கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி
* ஈறு, மூக்கில் ரத்தம்; கறுப்பாக மலம்
* கை கால் சில்லிடுதல், சோர்ந்து மயங்கிக் கிடத்தல்
* 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல்

இந்த வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. ஓய்வும் நீர் ஆகாரமும்தான் முக்கியம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். மருந்துக் கடையில் கேட்டு ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு கூடும். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்களும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி என்றால் முதல் நாளே போக வேண்டும். பெரிய சிகிச்சைக்கு ஸ்டான்லி மருத்துவமனையும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் நமக்குப் பக்கம்தான்.

குழுவாக என்ன செய்யலாம்?

"புகை அடிச்சாங்களே, போதாதா?" என்று கேட்கிறார்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் இருக்கும் புழுவையும் முட்டையையும் ஒன்றும் செய்யாது. இந்தக் கொசு பிறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் பறக்காது. நம்மைக் கடிப்பது நம் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் பிறந்ததுதான். ஒரு வீடு மட்டும் சுத்தம் செய்தால் பலன் இல்லை. தெருவே சேர வேண்டும். தெருவைச் சேர்க்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. வாரம் ஒரு நாள், தண்ணீர் வருவதற்கு முன், டிரம், குடம், தொட்டியை உள்ளே நாரால் தேய்த்துக் கழுவுவது.
2. மூடி இல்லாத டிரம்முக்குத் துணி கட்டுவது.
3. டயர், மீன் பெட்டி, சிரட்டையைக் கவிழ்ப்பது அல்லது அப்புறப்படுத்துவது.
4. மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் கதவைத் திறந்து காட்டுவது. கழுவ முடியாத தொட்டிக்கு அபேட் மருந்து கேட்பது.
5. கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பது. காய்ச்சல் என்றால், விட்ட பிறகும் இரண்டு நாள் போய்ப் பார்ப்பது.

தவணைக்கு ஆள் அனுப்பத் தெரிந்த நமக்கு, காய்ச்சலுக்கும் ஆள் அனுப்பத் தெரியணும். அந்தப் பையனைக் காப்பாற்றியது எட்டிப் பார்த்த ஒரு தோழிதான்.